ஒட்டகங்கள் முழங்காலிட்ட சனிக்கிழமை

நம் வயதுக்காரர் எழுதும் நினைவுக் குறிப்புகளை நான் ஒன்று விடாமல் வாசிக்கிறேன். பழைய மாணவர் மலர், கோயில் மலர், ஐம்பதாவது பிறந்தநாள் மலர். எல்லாவற்றிலும் கடைசிப் பத்தியில் எல்லோரும் எல்லோரையும் மன்னித்துவிடுகிறார்கள். பிரம்பால் அடித்த வாத்தியாரை, நடுவழியில் விட்டுப்போன ஏஜென்சிக்காரனை, காணியைப் பிடித்துக்கொண்ட சித்தப்பாவை. உங்களுக்கெல்லாம் இவ்வளவு பெரிய மனது எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. ஒரே மாதிரித்தானே வந்து இறங்கினோம். ஆரோ போட்டுக் கழித்த ஜக்கெற்றுகளுக்குள் ஒரே மாதிரித்தானே நடுங்கினோம்.

நான் மன்னித்தவள் இல்லை. எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்த குளிர்காலத்தில் நான் ஒரு சண்டைக்குப் போனேன். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். மனதைச் சுத்தப்படுத்துவதற்காக அல்ல.

நாங்கள் இருந்தது கனடாவில், வெக்ஸ்போர்ட் என்ற பகுதியில், லோரன்ஸ் வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, பதினொரு மாடிக் கட்டடம் ஒன்றில். ஏழாம் மாடியில் அம்மா, நான், என்னைவிட நான்கு வயது இளைய தம்பி. அப்பா கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார். எங்கள் மூன்று பேரையும் முதலில் ஏற்றிவிட்டு, அடுத்த பயணத்தில் வருகிறேன் என்று நின்றுவிட்டார். அம்மா பிளாஸ்டிக் மூடிகளைப் பெட்டிகளில் அடுக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். வீட்டுக்கு வந்தால் கைகளில் புதுப் பொம்மையின் மணம் இருக்கும்.

எங்கள் மாடியின் நடைபாதையில் மண்ணிறக் கம்பளம் விரித்திருந்தது. அதில் காலைத் தேய்த்து நடந்துவிட்டுக் கதவுப்பிடியைத் தொட்டால் விரலில் மின்சாரம் சுண்டும். தம்பி அதற்காகவே ஒரு நாளைக்கு இருபது தரம் வெளியே ஓடுவான். நடைபாதையின் ஒரு முனையில் எலிவேற்றர். மறு முனையில் குப்பைக் குழாய். சுவரில் ஒரு சிறிய இரும்புக் கதவு இருக்கும். அதை இழுத்துத் திறந்து பையைப் போட்டால் கட்டடத்தின் அடிவயிற்றுக்குப் போய்ச் சேரும். உங்களில் கனபேர் வளர்ந்தது இப்படியான கட்டடங்களில்தான். அந்தக் கதவு மூடும்போது எழும் சத்தம் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

நவம்பரில், கொழும்பிலிருந்து வந்த ஒருவர் அப்பா தந்தார் என்று ஒரு கசெற்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா கடிதம் எழுதுகிறவர் அல்லர். பேசிப் பதிந்து அனுப்பியிருந்தார். அம்மா பழைய சாமான் கடையில் ஒரு ரேப் ரெக்கோடர் வாங்கினார். கைப்பிடி உடைந்தது. பெரிய பற்றரி நான்கு போடவேண்டும்.

முதல் பக்கத்தில் முதலில் கேட்பது ஃபான். அந்த லொட்ஜ் அறையின் மேசை ஃபான். ஒரு பக்கம் திரும்பும்போது சத்தம் பெருகும், மறுபக்கம் திரும்பும்போது குறையும். அதற்குள் அப்பா தொண்டையைச் செருமுவார். "பிள்ளையள், கேக்குதோ? குளிர் எண்டு சொல்லுகினம். காதை மூடிக்கொண்டு போங்கோ." பிறகு தம்பிக்குச் சப்பாத்து லேஸ் கட்டச் சொல்லிக் கொடுப்பார். "முதல் ஒரு வளையம் போடு. இப்ப மற்ற நுனியை அதைச் சுத்திக் கொண்டு வா. அவசரப்படாதை, நான் நிக்கிறன்." அந்த இடத்தில் அப்பா உண்மையாகவே கொஞ்ச நேரம் நிற்பார். ஃபான் மட்டும் ஓடும். தம்பி சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு, நாக்கு நுனியைக் கடித்தபடி, அந்த இடைவெளிக்குள் கட்டி முடிப்பான். அவன் முடித்ததைப் பார்த்துவிட்டுத்தான் அப்பா மறுபடி பேசத் தொடங்குகிறார் என்று தோன்றும்.

இரண்டாம் பக்கத்தில் பாதிக்கு மேல் ஒன்றுமில்லை. "இன்னும் ரேப் மிச்சம் கிடக்கு. என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை" என்பார். அதற்குப் பிறகு ஃபானும், தெருவில் யாரோ எதையோ கூவி விற்கும் குரலும்தான். அம்மா அந்தப் பக்கத்தைத்தான் போட்டுக் கேட்பார்.

இனி ஒன்பதாம் மாடிப் பெடியன். ஈரானிலிருந்து வந்த குடும்பம். அவனுக்குப் பதின்மூன்று வயது. அவனுடைய அப்பா ஊரில் பல்வைத்தியர். இங்கே ரக்சி ஓட்டினார். பெடியன் உயரம், வெள்ளை, நல்ல பற்கள். அவன் எலிவேற்றருக்குள் வந்தால் மற்றப் பிள்ளைகள் தாங்களாகவே ஓரத்துக்குப் போய்விடுவார்கள். அந்தக் கட்டடத்துப் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேரும் அவனுடைய ஆட்கள்.

டிசம்பரில் பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட அன்று, தம்பி நடைபாதையில் சப்பாத்தும் ரெக்கோடருமாக உட்கார்ந்திருந்தான். நான் குப்பைப் பையோடு வாசலில் நின்றேன். ஒன்பதாம் மாடிப் பெடியன் மூன்று பேரோடு படிக்கட்டால் இறங்கி வந்தான். நாங்கள் எல்லோரும் அப்போது பேசியது உடைந்த ஆங்கிலம். இங்கே எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"உது என்ன பாஷை? தண்ணிக்குள்ள ஆரோ கதைக்கிற மாதிரிக் கிடக்கு."

மற்றவர்கள் வாயில் தண்ணீர் வைத்துக் கொப்பளிப்பதுபோலச் செய்து காட்டினார்கள். அவன் குனிந்து பட்டனை அமத்திக் கசெற்றை வெளியே எடுத்தான். "இதில எங்கட பாட்டுப் போடுவம்."

தம்பி அவன் கையைக் கடித்தான். எட்டு வயதுப் பிள்ளை. வேறு என்ன ஆயுதம் அவனிடம் இருந்தது? பெடியன் கையை உதறிக்கொண்டு பின்னால் போனான். குப்பைக் குழாயின் கதவை இழுத்தான். என்னைப் பார்த்தான். என் கண்ணைப் பார்த்துக்கொண்டேதான் போட்டான்.

கசெற் தகரத்தில் அங்கும் இங்கும் அடித்துக்கொண்டு கீழே போகும் சத்தம் கேட்டது. கனநேரம் கேட்டது.

நான் ஏழு மாடியும் படியால் ஓடி இறங்கினேன். கட்டடத்தைப் பார்க்கிற சுப்பர் அறைக்குள் இருந்தார். குப்பையை நசுக்குகிற மெஷின் கீழே வேலை செய்துகொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லி அழுதேன். சின்னப் பிள்ளைகளைக் குப்பை அறைக்குள் விடத் தனக்கு அனுமதி இல்லை என்றார். நல்ல மனுஷன். மேசையில் கிடந்த கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட மிட்டாய்த் தடி இரண்டை எடுத்து என் கையில் வைத்தார். ஒன்று எனக்கு, ஒன்று தம்பிக்கு.

பின்னேரம் அம்மா வந்ததும் சொன்னோம்.

"அழாதேங்கோ" என்றார். "அப்பா வேற ஒண்டு பேசி அனுப்புவார். இல்லாட்டி அவரே வந்திடுவார். பிறகேன் கசெற்?"

"அம்மா, நீங்கள் மேல போய்க் கேளுங்கோ. அவன்ர தாயிட்டைச் சொல்லுங்கோ."

"அதுகளும் எங்களைப்போல வந்து விழுந்ததுகள், பிள்ளை. விடு."

ஜனவரியில் ஒரு நாள் விடியற்காலை கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. லொட்ஜ் முதலாளி. சுற்றிவளைப்பில் அப்பாவையும் இன்னும் இரண்டு பேரையும் கொண்டுபோனார்களாம். விசாரித்துப் பார்த்த எந்தப் பொலிஸ் நிலையத்திலும் ஆள் இல்லையாம். அதற்குப் பிறகு அப்பாவைப் பற்றி இன்றுவரை எங்களுக்கு வேறு செய்தி கிடையாது.

அம்மா றிசீவரை வைத்தார். பிறகு வேலை உடுப்பைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். தம்பி சப்பாத்தை எடுத்துக்கொண்டு ரெக்கோடருக்கு முன்னால் உட்கார்ந்தான். உள்ளே கசெற் இல்லை. பட்டனை அமத்தினான். இரண்டு பற்சில்லுகளும் வெறுமனே சுற்றின. அவன் லேஸைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நீங்கள் சொல்வீர்கள், அந்தப் பெடியனுக்கு இதெல்லாம் தெரியாது, அவனும் சின்னப் பிள்ளைதானே, அவனுக்கும் ஏதோ ஒரு துயரம் இருந்திருக்கும் என்று. இருந்திருக்கட்டும். அப்பாவைக் கொண்டுபோனவர்களின் முகம் எனக்குத் தெரியாது. இவனுடைய முகம் தெரியும். ஒன்பதாம் மாடியில், எங்கள் தலைக்கு மேலே இரண்டு தட்டுத் தள்ளி இருந்தது.

ஆங்கிலம் சரிவராத பிள்ளைகளுக்கான வகுப்பில் நாங்கள் பதினொரு பேர். ஒன்பதாம் மாடிப் பெடியன், நான், மூன்றாம் மாடியில் இருந்த ஆப்கான் பிள்ளை ஒருத்தி, மற்றவர்கள். ஆப்கான் பிள்ளைக்கு என் வயதுதான். மெலிந்தவள், புருவம் இரண்டும் நடுவில் சேர்ந்திருக்கும். அதுவரை அவளோடு நான் பேசியதில்லை. பேசாமலிருப்பதில் இருவரும் கெட்டிக்காரிகள்.

அந்த மாதக் கடைசியில் ரீச்சர், உங்கள் நாட்டின் பெருமையான நாள் ஒன்றைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். நான் பொங்கலைப் பற்றிச் சொல்லி, கரும்பலகையில் ஒரு பானை வரைந்துவிட்டு வந்து இருந்தேன். அடுத்ததாகப் பெடியன் போனான். பானையை அழித்தான். அம்புக்குறிகள் போட்டான்.

"முந்தி ராசாக்களின்ர காலத்தில ஆப்கான்காரர் எங்கட நாட்டைப் பிடிச்சு வைச்சிருந்தவை. நாங்கள் பெரிய சண்டை பிடிச்சு அவையைக் கலைச்சம். ஓடினவையின்ர தலையளை…"

ரீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். எல்லோரும் கைதட்டினோம். ஆப்கான் பிள்ளை எழுந்து நின்றாள்.

"பிடிச்சு வைச்சிருந்தவை எண்டு சொன்னாய். எப்பிடிப் பிடிச்சவை எண்டு சொல்லேல்லையே?"

அவள் கரும்பலகைக்குப் போகவில்லை. நின்ற இடத்தில் நின்றே சொன்னாள். பெடியன் சொன்ன சண்டைக்கு ஏழு வருடம் முந்தி, குல்நாபாத் என்ற ஊருக்குப் பக்கத்தில், பாரசீக மன்னனின் படை தலைநகரிலிருந்து வெளியே வந்தது. பட்டு உடுப்பு, குதிரைகளுக்குப் பொன் வேலைப்பாடு, வரிசையாகப் பெரிய பீரங்கிகள். கந்தகாரிலிருந்து வந்த ஆப்கான் படை அதில் பாதிகூட இல்லை. மாதக்கணக்காக நடந்து வந்தவர்கள், உடுப்பெல்லாம் கிழிசல். ஆனால் அவர்களிடம் நூறு ஒட்டகங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சின்னப் பீரங்கி பூட்டியிருந்தது. அவற்றை வரிசைக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார்கள். பாரசீகர் பாய்ந்து வந்தபோது ஆப்கான் வரிசை பயந்து ஓடுவதுபோலப் பின்வாங்கியது. பிறகு திரை விலகுவதுபோல இரண்டாகப் பிரிந்தது.

"பின்னால ஒட்டகங்கள் முழங்கால் போட்டு இருந்தது" என்றாள். "அவ்வளவுதான். முடிஞ்சுது."

பெடியன் சிரித்தான்.

"இப்ப ஆர் ஆரிட்டை வந்து நிக்கினம்? ஊரில எங்கட வீட்டு மதில் கட்டினது ஒரு ஆப்கான்காரன். அவனுக்கு நாங்கள் வெளியில வைச்சுத்தான் சாப்பாடு குடுக்கிறது."

பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. ஆப்கான் பிள்ளையின் குடும்பம் கனடா வருவதற்கு முன் நான்கு வருடம் மஷ்ஹத்தில் அகதியாக இருந்தது. காபூலில் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்த அவளுடைய அப்பா அங்கே மதில்தான் கட்டினார். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அவளுடைய முகம் மட்டும்தான். அது எனக்குப் பழக்கமான முகம். பல் தேய்க்கும்போது கண்ணாடியில் நான் தினமும் பார்த்த முகம்.

ரீச்சர் மட்டும் ஒன்றையும் பார்க்கவில்லை. "இரண்டு பேரும் ஒவ்வொரு தடவை வென்றிருக்கிறீர்கள், எவ்வளவு அழகு!" என்று சொல்லி, இரண்டு பேருடைய சட்டையிலும் பொன் நட்சத்திரம் ஒட்டிவிட்டார்.

அடுத்த நாள் பின்னேரம் நிலக்கீழ் அறையில், உடுப்புத் தோய்க்கும் மெஷின்களுக்கு இடையில் அவளைக் கண்டேன். யன்னல் முழுக்க நீராவி படிந்திருந்தது.

"அந்த ஒட்டகக் கதை உண்மையோ?"

"அப்பா சொன்னவர். அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"எங்களிட்டை ஒட்டகம் இல்லையே."

அவள் என்னைக் கனநேரம் பார்த்தாள். 'எங்களிட்டை' என்று நான் சொன்னதை நிறுத்துப் பார்க்கிறாள் என்று விளங்கியது. பிறகு மூலையைக் காட்டினாள். கடையிலிருந்து சாமான் கொண்டுவந்தவர்கள் திருப்பிக் கொண்டுபோகாமல் விட்ட கம்பி வண்டிகள் நான்கு அங்கே ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நின்றன.

"உது என்னவாம்?" என்றாள்.

யன்னல் நீராவியில் விரலால் கோடு போட்டு எல்லாவற்றையும் விளக்கினாள். சனிக்கிழமைகளில் கட்டடத்துப் பின்பக்கம், மின்கம்பிக் கோபுரங்கள் போகும் வெளியில் பனிப்பந்துச் சண்டை நடக்கும். பெடியனின் பக்கம் எப்போதும் இருபது பேருக்குக் குறையாது. பனியால் கட்டிய கோட்டை, படுக்கைவிரிப்பில் கொடி, ஹொக்கிக் கையுறை எல்லாம் உண்டு. எதிர்ப்பக்கம் நிற்கிறவர்கள் அடி வாங்குவதற்காகவே நிற்கிறவர்கள். நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்தோம். அவர்களிடம் அடி வாங்கியவர்களையே தேடித் தேடிச் சேர்த்தோம். ஆள் சேர்ப்பதற்குக் கஷ்டப்படவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்து எங்கள் பல்கனியில் பனிப்பந்து பிடித்து, தண்ணீர் தெளித்து இறுக விட்டோம். தம்பி எண்ணிக்கொண்டிருந்தான். அவன் உள்ளே போன நேரம் பார்த்து நான் ரெக்கோடரின் பின்மூடியைத் திறந்தேன். நான்கு பற்றரியில் ஒன்றை எடுத்தேன். கனமாக, வழுவழுப்பாக, குளிர்ந்து இருந்தது. அதைச் சுற்றிப் பனியை வைத்துப் பிடித்தேன். மற்றப் பந்துகளோடு சேர்க்கவில்லை. என் ஜக்கெற்றின் தலைமூடிக்குள் போட்டுக்கொள்வதற்காகத் தனியே வைத்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆப்கான் பிள்ளைக்கும் சொல்லவில்லை.

சனிக்கிழமை நல்ல வெயில், நல்ல குளிர். மூக்குக்குள் மயிர் விறைக்கிற குளிர். சப்பாத்துக்குள் ஈரம் போகாமல் காலுறைக்கு மேல், பாண் வாங்கிவந்த பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டியிருந்தோம். நடக்கும்போது சரசரவென்று கேட்கும். அவர்கள் எங்களைக் கண்டதும் ஊளையிட்டார்கள். ஐந்து பேர்தான் தெரிந்தோம். மற்ற நான்கு பேரும் பந்து நிறைந்த நான்கு வண்டிகளோடு குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் இருந்தார்கள். அதில் ஒருவன் தம்பி. பனி வழித்த தார்ப்பாதை அந்தத் தொட்டிகளில் தொடங்கித்தான் வெளிக்குப் போனது; வண்டிகள் அதில் ஓடும்.

முதலில் நாங்கள் எறிந்தோம். கேவலமாக எறிந்தோம். அவர்கள் கோட்டையை விட்டு வெளியே வந்தார்கள். கொடியையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆப்கான் பிள்ளை "ஓடு" என்றாள். ஓடினோம். பயந்தமாதிரி ஓடவேண்டும் என்று சொல்லித் தந்திருந்தாள்; அதற்கு நடிக்கத் தேவைப்படவில்லை. முதுகிலும் பிடரியிலும் பந்துகள் வந்து விழுந்தன. இருபது பேர் கத்திக்கொண்டு பின்னால் வந்தார்கள். தார்ப்பாதையின் முனைக்கு வந்ததும் அவள் தன் மொழியில் ஒரு சொல் கத்தினாள். நாங்கள் இரண்டு பக்கமும் பிரிந்து விழுந்தோம்.

நான்கு வண்டிகளும் கடகடவென்று வந்தன. பாதையின் குறுக்கே வந்து பக்கவாட்டில் சரிந்தன. அப்படியே, அவள் வகுப்பில் சொன்ன மாதிரியே, ஒட்டகங்கள் முழங்காலிட்டன. அவற்றுக்குப் பின்னால் குனிந்திருந்த நான்கு பேரும் எறியத் தொடங்கினார்கள். பிறகு நாங்களும் எழுந்து எறிந்தோம். பந்து குறையவேயில்லை. இருபது பேரும் ஒருவரில் ஒருவர் மோதிக்கொண்டு நின்றார்கள். திரும்பி ஓடவும் இடமில்லை, கோட்டை எங்கேயோ தூரத்தில் இருந்தது. யாரோ அம்மாவைக் கூப்பிட்டு அழுதான். கொடி விழுந்தது. அதன்மேல் அவர்களே மிதித்தார்கள்.

ஒன்பதாம் மாடிப் பெடியன் மட்டும் ஓடவில்லை. எனக்கு முன்னால் கையை முகத்துக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றான். நான் தலைமூடிக்குள் கையை விட்டேன். "ஏய்" என்று கூப்பிட்டேன். அவன் கையை இறக்கிப் பார்த்தான்.

சத்தம் பனிப்பந்தின் சத்தமாக இல்லை.

அவன் உட்கார்ந்தான். வாயைப் பொத்தினான். விரல்களுக்கு இடையால் இரத்தம் வந்து பனியில் விழுந்து சின்னச் சின்னக் குழிகள் தோண்டியது. எனக்குச் சந்தோசமாக இருந்தது. இதைக் குறைத்து எழுதமாட்டேன். தொழிற்சாலையில் மூடி அடுக்கிய அம்மாவுக்காக, வெறும் ரெக்கோடரின் முன்னால் இருந்த தம்பிக்காக, அந்த ஃபானின் சத்தத்துக்காக, எனக்குச் சந்தோசமாக இருந்தது.

ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லோரும் கீழே வாசல் மண்டபத்தில் நின்றோம். பெடியனின் தாய் இரத்தம் தோய்ந்த துவாயோடு அழுதார். சுப்பர் பற்றரியைத் துடைத்து ஒரு ரிஷுவில் வைத்துப் பிடித்திருந்தார்.

"இதை உள்ளுக்கு வைச்சது ஆர்?"

நான் வாயைத் திறப்பதற்கு முன் ஆப்கான் பிள்ளை "நான்" என்றாள். யோசிக்கவே இல்லை. பெயர் கூப்பிட்டால் பதில் சொல்வதுபோலச் சொன்னாள்.

அவளுடைய அப்பா வேலை செய்த வெதுப்பகத்திலிருந்து நேரே வந்திருந்தார். மகளைப் பார்த்தார். எல்லோருக்கும் முன்னால் அவள் கன்னத்தில் அறைந்தார். அந்தச் சத்தம் அந்த மண்டபத்தின் ஓட்டுத்தரையில் பட்டுத் திரும்பி வந்தது.

நான் சொல்லியிருக்கலாம். பயம் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். பயம் பாதிதான். நான் சொன்னால் என் அம்மா ஒன்பதாம் மாடிக்குப் போய் மன்னிப்புக் கேட்கவேண்டி வரும். கசெற்றுக்காக ஏறாத அந்த இரண்டு மாடியையும் அதற்காக ஏறுவார். அதை அவர்களுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. அதனால் இன்னொருத்தியின் கன்னத்தைக் கொடுத்தேன்.

பெடியனின் அப்பா கடைசியாக ரக்சியை விட்டுவிட்டு ஓடி வந்தார். மகனின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். சுப்பரிடம் ரோர்ச் கேட்டு வாங்கி உள்ளே பார்த்தார். அந்தக் கைகள் அவ்வளவு திறமாக இருந்தன. முன்பல் இரண்டும் உடைந்திருந்தன. பிறகு அவர் கைகளை எடுத்துக்கொண்டார். "நாளைக்கு வேற பல்வைத்தியர் ஒருத்தரிட்டைக் கொண்டுபோய்க் காட்டவேணும்" என்று மனைவியிடம் மெல்லச் சொன்னார் என்று, அவர்கள் மொழி தெரியாத எனக்கே விளங்கியது. இந்த நாட்டில் ஒரு வாயிலும் வேலை செய்ய அவருக்கு அனுமதி இல்லை. அந்த மனிதரை மட்டும் நான் குறி வைக்கவில்லை. ஆனால் அவருக்கும் பட்டது.

ஆப்கான் பிள்ளையின் அப்பா தண்டனையை அவரே விதித்தார். குளிர்காலம் முடியும்வரை ஒவ்வொரு நாள் காலையிலும், வெதுப்பகத்திலிருந்து அவர் கொண்டுவரும் சூடான ரொட்டி ஒன்றை அவள் ஒன்பதாம் மாடிக்குக் கொண்டுபோய், கதவைத் தட்டி, மன்னிப்புக் கேட்டுக் கொடுக்கவேண்டும். பள்ளிக்கூடம் போகும்போது எலிவேற்றருக்குள் அந்த ரொட்டியின் மணம் நிற்கும். நான் படியால் இறங்கிப் போவேன்.

சண்டை நடந்த அன்று பின்னேரம் அம்மா ரெக்கோடரைத் துடைத்து வைக்க எடுத்தார். கை தூக்கியதும் நின்றார். பாரம் குறைந்திருந்தது அவருக்குத் தெரிந்துவிட்டது. பின்மூடியைத் திறந்தார். மூன்று பற்றரி. ஒரு வெற்றிடம். நான் மேசையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு இருந்தேன். அம்மா மூடியைத் திருப்பிப் பூட்டி, ரெக்கோடரை அலுமாரியின் மேல்தட்டில் எங்களுக்கு எட்டாத இடத்தில் வைத்தார்.

"அந்த ஆப்கான் பிள்ளையோட இனிச் சேராதை" என்றார். "கூடாத பிள்ளை."

என்னைப் பார்க்காமல் சொன்னார். அன்றிரவு எனக்கு மட்டும் முட்டை பொரித்துத் தந்தார். அம்மா சாகும்வரை இதைப் பற்றி நாங்கள் ஒரு சொல் பேசியதில்லை. அவர் என்னைக் காப்பாற்றினார் என்றுதான் அப்போது நினைத்தேன். அவருக்கும் மேலே போய் யாரையாவது அடிக்கவேண்டும்போல இருந்திருக்கும், அதை அவருடைய பிள்ளை செய்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

பனி உருகியபோது ஆப்கான் குடும்பம் வேறு எங்கேயோ மாறிப் போனது. சாமான் ஏற்றுவதை ஏழாம் மாடி யன்னலால் பார்த்தேன். அவள் மேலே பார்க்கவில்லை.

வளர்ந்த பிறகு நூலகத்தில் அந்தச் சண்டையைப் பற்றித் தேடி வாசித்தேன். அவள் சொன்னது சரிதான். சொல்லாமல் விட்டதும் இருந்தது. வென்ற படை தலைநகரைச் சுற்றி வளைத்து மாதக்கணக்காகப் பட்டினி போட்டது. உள்ளே இருந்த சனங்கள் மரப்பட்டையையும் சப்பாத்துத் தோலையும் அவித்துத் தின்றார்கள். ஏழு வருடம் கழித்துப் பாரசீகர் திருப்பிக் கொடுத்தார்கள். அதையும் வாசித்தேன். வாசித்துவிட்டு, திருந்தினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நான் புத்தகத்தை மூடிவிட்டு, எனக்கு அந்த ஏழாவது வருடம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெடியனால் அல்ல. அவளால். கன்னத்தில் அடி வாங்கியவள் ஒரு நாள் என்னைத் தேடி வருவாள் என்று நம்பியிருந்தேன். முன்பின் தெரியாத பெண் ஒருத்தி வங்கியிலோ பஸ்ஸிலோ என்னைக் கூர்ந்து பார்த்தால் முதலில் அவளுடைய புருவத்தைத்தான் பார்ப்பேன்.

கிட்டத்தட்ட நாற்பது வருடம் ஆயிற்று. போன மாதம்தான் வந்தாள். வந்தாள் என்பதும் சரியில்லை. எனக்கு முழங்கால் வருத்தம். லோரன்ஸ் வீதியில் பயிற்சி தருகிற இடம் ஒன்றுக்குப் போகிறேன். நகராத சைக்கிளில் ஏறி இருபது நிமிடம் மிதிக்கவேண்டும். அங்கே வேலை செய்கிற பெண் பெயர்ப் பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டாள். பக்கத்துச் சைக்கிளுக்கு வந்து ஏறியவளுக்குப் புருவம் இரண்டும் நரைத்து, நடுவில் சேர்ந்திருந்தது.

அவள்தான் முதலில் பேசினாள். "ஏழாம் மாடி."

"மூண்டாம் மாடி" என்றேன்.

இருவரும் மிதித்தோம். அவள் பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். அப்பா காலமாகிவிட்டார் என்றாள். ஒன்பதாம் மாடிப் பெடியன் இப்போது வீடு விற்கிறான், பஸ் தரிப்பில் ஆட்கள் உட்காருகிற வாங்குகளில் அவனுடைய விளம்பரப் படம் இருக்கிறது, முன்பல் இரண்டும் மற்றப் பற்களைவிட வெள்ளை, கண்டனியோ என்று கேட்டாள். கண்டேன் என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம்.

"அந்த ரொட்டி நினைவிருக்கே?" என்றாள். "ஒவ்வொரு நாளும் எலிவேற்றருக்குள்ள வைச்சு நாக்கால நக்கிப்போட்டுத்தான் குடுத்தனான். ஒரு நாளும் விடேல்லை. அவன்ர தாய் எனக்கு முத்தம் தந்து வாங்குவா."

அந்தச் சிரிப்போடு சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மிதிப்பதை நிறுத்தினேன்.

"நான் உனக்கு ஒண்டு சொல்லவேணும். அந்தப் பற்றரியை வைச்சது…"

"தெரியும்" என்றாள். "நீ எறியேக்கை நான் உனக்குப் பக்கத்தில நிண்டனான்."

"பிறகேன் நீ…?"

அவளும் மிதிப்பதை நிறுத்தினாள். துவாயால் கழுத்தைத் துடைத்தாள்.

"எங்கட அப்பா வீடு வந்து கதவைப் பூட்டிப்போட்டு என்ன செய்தவர் தெரியுமே? அறைஞ்ச கன்னத்தில முத்தம் தந்தவர். மஷ்ஹத்தில மதில் கட்டின கையால. அதுக்குப் பிறகு சாகும்வரைக்கும், வீட்டுக்கு வாற ஒவ்வொருத்தருக்கும் சொன்னவர், என்ர மகள் அவன்ர பல்லை உடைச்சவள் எண்டு. என்ர கலியாணத்தில சொன்னவர். என்ர பேரப்பிள்ளையளுக்குத் தெரியும்." என்னைப் பார்த்தாள். அதே முகம். "நீ இப்ப வந்து அதைத் திருப்பிக் கேக்கிறியே?"

நான் மிதிகட்டையில் காலைத் திரும்ப வைத்தேன்.

"ஆர் எறிஞ்சது?" என்றாள். சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

அவளுக்கு நான் தரவேண்டியது அது ஒன்றுதான். தந்தேன். "நீதான்" என்றேன். "நீதான் எறிஞ்சனி."

அவள் தலையாட்டிவிட்டு மறுபடி மிதிக்கத் தொடங்கினாள். நேரம் முடிந்ததும் என் தோளில் ஒருமுறை தட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவளுடைய பிள்ளைகளுக்கும் தெரியாது. இது அவர்கள் கைக்கு ஒரு நாளும் போகாது. ஆகையால் உங்களுக்குச் சொல்கிறேன், நீங்கள் யாருக்கும் சொல்லவேண்டாம்: எறிந்தது நான். பத்தடி தூரத்திலிருந்து, அவன் கையை இறக்கும்வரை காத்திருந்து, குறி பார்த்து.